பதினேழாம் பக்கத்து மனிதர்

முள்ளிக்கரைக் குடியிருப்பில் அந்தத் தொழிற்சாலையை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'உள்ளே' என்பார்கள். அப்பா உள்ளே போயிருக்கிறார், அம்மாவுக்கு இன்றைக்கு உள்ளே வேலை அதிகம், மாமாவுக்கு உள்ளே பதவி உயர்வு வந்திருக்கிறது என்பார்கள். உள்ளே என்னதான் வேலை என்று வெளியூர் உறவினர் கேட்டால், இரும்பு வேலை என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அந்த இரும்பு வேலை என்பது சிப்பாய்கள் ஏறிப் போகிற கவச வண்டிகளைச் செய்வது என்று பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும், பூக்காரம்மாவுக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதை அந்த ஊர் ஒரு மரியாதையாகவே நாற்பது வருடம் பழகியிருந்தது. தை மாதம் நடந்ததை அது அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதற்கும் அந்தப் பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு, உள்ளேயிருந்து ஒருவர் நடந்து வந்து பெரிய வாசலில் நின்று, வெளியே போக வேண்டும் என்றார்.

வாசல் காவலில் நல்லதம்பி இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பதிவேட்டைக் கோடு பிசகாமல் எழுதுகிறவர். அவர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஆள் உள்ளே வந்ததாகப் பதிவே இல்லையே என்றார். வரவில்லை என்று வந்தவரும் ஒப்புக்கொண்டார். பெயர் என்ன என்றதற்கு இல்லை என்றார். எந்த ஊர் என்றதற்கு, "பதினேழாம் பக்கம், நாலாம் அட்டவணை," என்றார். நல்லதம்பி திடுக்கிடவில்லை. உள்ளே வந்த பதிவு இல்லாமல் வெளியே போனவற்றை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பூனைக்குட்டிகள் போயிருக்கின்றன, ஒரு முறை மயில் குஞ்சுகள் வரிசையாகப் போயின, பழைய இயந்திரத்துக்குள் கூடு கட்டிய தேனீக்கள் இயந்திரத்தோடு போயின. உள்ளேயே உண்டான எதுவும் பொருள் சீட்டு இருந்தால் வெளியே போகலாம் என்பது விதி. சீட்டில் இரண்டு வகை உண்டு, திரும்பி வரவேண்டியது, திரும்பி வரவேண்டாதது. எந்த வகை என்று எழுதிக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி வேண்டும். ஆகவே பதினேழாம் பக்கம் யாருடையது என்று அவர் வடிவமைப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டார்.

அது மங்கையர்க்கரசியுடையது.

மங்கையர்க்கரசிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது, முதுநிலை இயந்திர வடிவமைப்புப் பொறியாளர். அரசி மேடம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டியபின் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள், கைப்பையில் சாவியோடு இரும்பு அளவுநாடா வைத்திருக்கிறவள், ஒரு வரைபடத்தைச் சரிபார்த்து முடித்தபின் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்கிறவள். அவள் வாசலுக்கு வந்து அந்த மனிதரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தைக் கொண்டல்ல, விண்ணப்பத்தில் ஒட்டுகிற படம்போல யாருக்கும் பொருந்துகிற முகம் அது. தோளைக் கொண்டு கண்டுகொண்டாள். நாடாவை எடுத்து ஒரு தோள் விளிம்பிலிருந்து மறு தோள் விளிம்புவரை பிடித்தாள். ஐநூற்றுப் பதினாறு மில்லிமீட்டர். உயரம் பார்த்தாள், ஆயிரத்து எழுநூற்று அறுபத்திரண்டு. பதினோரு வருடமாக அவள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிடுவது நல்லது. ஒரு வண்டியில் யார் ஏறப்போகிறார்கள் என்று தெரியாமல் அதன் இருக்கையையோ கதவையோ வரைய முடியாது. அதற்காக இரண்டாயிரம் சிப்பாய்களை நிற்க வைத்து, உட்கார வைத்து, கை நீட்ட வைத்து அளந்து ஒரு புத்தகம் போட்டிருந்தார்கள். அதில் நூறு பேரைச் சிறியவரிலிருந்து பெரியவர்வரை வரிசையாக நிறுத்தினால் தொண்ணூற்றைந்தாவதாக நிற்கிறவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு கதவில் நுழைந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் நுழைந்துவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டுதான் கதவை வரைவார்கள். அப்படி ஒரு ஆள் உண்மையில் எந்தப் படைப்பிரிவிலும் இல்லை, பதினேழாம் பக்கத்தில் மட்டும்தான் இருந்தார். இப்போது வாசலில் நின்றார்.

எதற்காக வெளியே போக வேண்டும் என்று அவள் கேட்டாள்.

"எனக்குக் கீழே ஒரு வரி இருந்துச்சு," என்றார் அவர். "இப்ப இல்ல. அது இல்லாம என்னால உக்கார முடியல. தேடிப் பார்க்கணும்."

சொல்லும்போதே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அவள் சீட்டு எழுதினாள். பொருள்: மனிதர். எண்ணிக்கை: ஒன்று. வகை: திரும்பி வரவேண்டியது. நேரம்: தினமும் மாலை ஐந்தரைக்குள். நல்லதம்பி முத்திரை குத்தினார்.

முதல் வாரம் முள்ளிக்கரை அவரை வேடிக்கை பார்த்தது, இரண்டாம் வாரம் பெயர் வைத்தது, மூன்றாம் வாரம் வேலை கொடுத்தது. பெயர் தொண்ணூத்தஞ்சு. தொண்ணூத்தஞ்சு எங்கும் உட்காராமல் தெருத் தெருவாக நடந்து, கடைப் பலகைகளின் கீழும் மைல்கற்களின் அடியிலும் சுவர் விளம்பரங்களின் கடைசியிலும் தன் வரியைத் தேடிக்கொண்டிருந்ததால், எப்படியும் இந்தப் பக்கம் வருகிற ஆள்தானே என்று தச்சர் புதுக் கதவுக்கு அவரை நிறுத்திப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிலுக்குப் படுக்க வைத்துப் பார்த்தார்கள், முடிதிருத்தும் கடையில் கண்ணாடி மாட்டுகிற உயரத்துக்கு அவர் தலையைக் கேட்டார்கள். அவருக்குச் சரியாக இருந்தால் ஊருக்கே சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த மங்கையர்க்கரசியின் கணவர் உலகநாதன், தொண்ணூற்றைந்தாவது ஆள் என்றால் என்ன என்பதை ஏழாம் வகுப்புக்கு விளக்க அந்தத் தொண்ணூற்றைந்தாவது ஆளையே கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார். அன்று வீட்டுக்கு வந்து, பதினோரு வருஷமா நீ வீட்டில் இருந்ததைவிட அவரோடு இருந்ததுதான் அதிகம், ஆள் நல்லவராகத்தான் தெரிகிறார் என்று மனைவியைச் சீண்டினார். அவள் சிரிக்கவில்லை. தொண்ணூத்தஞ்சு நடப்பதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் நாற்காலி பொருந்தாமல் போயிருந்தது. உட்கார்ந்தால் எழுந்துகொண்டாள். பென்சிலைச் சீவினாள், சீவியதையே மறுபடியும் சீவினாள். எதையோ பூட்டாமல் வந்துவிட்டதுபோல இருக்கிறது, எதை என்றுதான் தெரியவில்லை என்று கணவரிடம் சொன்னாள்.

பங்குனி கடைசியில் அவருக்குக் குளிர ஆரம்பித்தது.

அந்த வருடம் வெயில் முன்னதாகவே வந்திருந்தது. சோதனை ஓட்டப் பாதையில் தார் உருகி வண்டிச் சக்கரத்தோடு வந்தது, மின்விசிறி சுடுகாற்றை இறைத்தது, தெருநாய்கள் தண்ணீர்க் குழாயடியை விட்டு நகரவில்லை. தொண்ணூத்தஞ்சு மட்டும் பற்கள் தந்தியடிக்க நடந்துகொண்டிருந்தார். மலேரியாவோ என்று ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆகவே குளிர்கிற மனிதருக்கு என்ன செய்வார்களோ அதை முள்ளிக்கரை செய்தது. ஒருவர் கம்பளிச் சட்டை கொடுத்தார், ஒருவர் மப்ளர் கொடுத்தார், நல்லதம்பி தான் பனிமலையில் காவல் இருந்த காலத்துக் கனத்த கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூச்சி உருண்டை மணத்தோடு கொடுத்தார். ஈ பிளாக்கில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்த ரஹமத்துன்னிசா, பஞ்சு அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த ஒரு உள்சட்டையை நான்கு நாளில் முடித்து, பொத்தான் வைத்துப் போட்டுவிட்டாள். அதன் மேல் கோட்டையும் போட்டபின்தான் அவர் பற்கள் ஓய்ந்தன.

அதற்குப் பிறகு அவர் எதிலும் நுழையவில்லை. டவுன் பஸ்ஸின் படியில் மாட்டிக்கொண்டார், ரேஷன் கடைத் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார், பிள்ளையார் கோயில் கம்பிக் கதவில் அர்ச்சனைத் தட்டோடு மாட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் கோட்டைக் கழற்றச் சொல்லவில்லை, குளிர்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது. ரேஷன் கடைக்காரர் ஒரு கம்பியை அறுத்தெடுத்தார். கோயிலில் கதவைக் கழற்றி ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். முடிதிருத்தும் கடையில் நாற்காலிகளை ஒரு கை தள்ளிப் போட்டார்கள். தச்சர் அதற்குப் பிறகு செய்த நிலைகள் எல்லாம் நான்கு விரற்கடை அகலமாகவே வந்தன. கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை, சித்திரை பாதி ஆவதற்குள் முள்ளிக்கரை முழுக்க ஒரு கை அகலம் விரிந்திருந்தது. விரியாமல் இருந்தது உள்ளே மட்டும்தான்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை, ஐந்தரைக்குள் திரும்ப வேண்டிய தொண்ணூத்தஞ்சு, அதுவரை பக்கவாட்டில் திரும்பி எப்படியோ நுழைந்துகொண்டிருந்த பெரிய வாசலின் திட்டிவாசலில் மாட்டிக்கொண்டார். பெரிய கதவை வண்டிகளுக்கு மட்டும்தான் திறப்பார்கள், ஆட்கள் போக அதில் செதுக்கியிருந்த சின்னக் கதவு அது. ஒரு தோள் உள்ளே, ஒரு தோள் வெளியே. ஐந்து இருபத்தெட்டு. அவர் உள்ளே வந்ததாக எழுதுவதா, வரவில்லை என்று எழுதுவதா என்று நல்லதம்பிக்குத் தெரியவில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டவளைக் கூப்பிட்டார்.

மங்கையர்க்கரசி வந்து, கோட்டின் மேலாக நாடாவைப் பிடித்தாள். அறுநூற்று நாற்பத்திரண்டு. பஞ்சையும் கம்பளியையும் இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் அளந்தாள். அறுநூற்றுப் பத்து. நாடா அவள் கையிலிருந்து சுருண்டு பெட்டிக்குள் ஓடிய சத்தம் கேட்டது.

வண்டியின் தரையில், ஓட்டுநருக்குப் பின்னால், வட்டமாக ஒரு அடிக்கதவு உண்டு. மற்றக் கதவுகள் எல்லாம் அடைபட்டுப்போனால், வண்டி பள்ளத்தில் சாய்ந்துவிட்டால், தீப்பிடித்துவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் அதன் வழியாக மண்ணில் இறங்கி ஊர்ந்து வெளியே வரவேண்டும், ஒருவருக்குப் பதினோரு விநாடி. அதன் குறுக்களவு ஐநூற்று அறுபது. பதினேழாம் பக்கத்தைப் பார்த்து அவள் போட்ட அளவு. ஐநூற்றுப் பதினாறு போக, இரு பக்கமும் இருபத்திரண்டு மில்லிமீட்டர் தாராளமாகவே விட்டிருந்தாள்.

வண்டி முதலில் பாலைவனத்துக்காக வரையப்பட்டது. போன வருடம்தான் முதல் நாற்பது வண்டிகளும் பனிமலைக்குப் போகும் என்று உத்தரவு வந்தது. உடனே எல்லோரும் எல்லாவற்றையும் மாற்றினார்கள். எண்ணெயை மாற்றினார்கள், மின்கலத்தை மாற்றினார்கள், ரப்பரை மாற்றினார்கள், எந்திரத்துக்குச் சூடேற்றி வைத்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வரைபடங்களை மங்கையர்க்கரசியே மறுபடி சரிபார்த்தாள். மனிதன் மட்டும் அதே மனிதன்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள்.

நல்லதம்பியும் இரண்டு காவலர்களும் பின்னாலிருந்து தள்ளி அவரை உள்ளே கொண்டுவந்து சேர்த்தபோது ஐந்து ஐம்பது. அவள் அவரை அழைத்துக்கொண்டு நேரே ஆவண அறைக்குப் போனாள். இரும்பு அலமாரியின் அடித்தட்டில், பதினோரு வருடமாக யாரும் தொடாத மூலப் புத்தகம் இருந்தது. அது நீளமான தாளில் அச்சான புத்தகம். வடிவமைப்புப் பிரிவில் எல்லோரிடமும் இருப்பது அதைச் சாதாரண அளவுத் தாளில் ஜெராக்ஸ் எடுத்த பிரதி. பதினேழாம் பக்கத்தைத் திருப்பித் தன் பிரதியின் மேல் வைத்தாள். மூலம் கீழே இரண்டு விரல் நீண்டது. அந்த இரண்டு விரலில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"அளவுகள் கோடைக் காலத்தில், பனியன் மட்டும் அணிந்த நிலையில் எடுக்கப்பட்டவை. குளிர்ப் பிரதேச உடைக்குத் தனியே கூட்டிக்கொள்ளவும்."

"இதுதான்," என்றார் அவர். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில், நான்கு மாதத்தில் முதல் முறையாக, உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்ததும் அவள் நடக்க ஆரம்பித்தாள்.

பிரிவுத் தலைவர் தேவசகாயம் கெட்ட மனிதர் அல்ல. மங்கையர்க்கரசி பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அறிந்தவர், அவளுடைய முதல் வரைபடத்தில் நாற்பத்தேழு தப்புகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தவர். அவள் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை அவர் முழுவதும் படித்தார். கதவைப் பெரிதாக்கினால் தரைக் கவசத்தை மறுபடி வார்க்க வேண்டும், குண்டு வெடிப்புச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒன்றரை வருடம் ஆகும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் சொல்லவில்லை. ஜூன் பதினான்கு காலை வண்டிகளுக்குக் கொடி அசைக்க மந்திரி வருகிறார் என்பதையும் சொல்லவில்லை.

"ஜூன் முப்பதாம் தேதி நான் ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போறேன், அரசி," என்றார். "பதினோரு வருஷம் வரைஞ்சது. ஒண்ணாவது அந்த வாசலைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன்."

பிறகு ஒரு வழி சொன்னார். ஓட்டுநர் கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம், அடிக்கதவின் வழியே வெளியேறுமுன் மேலுடையைக் கழற்றவும் என்று. பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், பதினான்காம் தேதி வண்டிகள் போகட்டும், அடுத்த நாற்பதில் கதவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒரு தாளை எடுத்து அந்த வரியைத் தன் கையாலேயே எழுதி, அவள் கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினார்.

அவள் அதை வாங்கிக் கைப்பையில், அளவுநாடாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நல்ல வரிதான் என்று அவளுக்கே தோன்றியது. அதைத் தூக்கிக்கொண்டு ஈ பிளாக்குக்குப் போய், தொண்ணூத்தஞ்சை நிற்க வைத்து, கோட்டையும் உள்சட்டையையும் சீக்கிரம் கழற்றச் சொல்லிவிட்டு ரஹமத்துன்னிசாவிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்தாள். கம்பளிக் கையுறையோடு அவர் பொத்தான்களைத் தேடினார். இருபத்து மூன்று பொத்தான்.

"அம்பத்திரண்டு செகண்டுக்கா," என்றாள் ரஹமத்துன்னிசா. பிறகு, "எதுக்கு இவ்ளோ அவசரமாக் கழட்டணும்? மனுசன் நடுங்குறாரு பாருங்க," என்று மறுபடி போட்டுவிடத் தொடங்கினாள்.

ஐம்பத்திரண்டு என்று தேவசகாயத்திடம் போய்ச் சொன்னாள். பயிற்சி கொடுத்தால் முப்பதாகும் என்றார் அவர். தீப்பிடித்த வண்டிக்குள் புகைக்கு நடுவே எத்தனை பொத்தான் கண்ணுக்குத் தெரியும் என்று அவள் கேட்டாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, குறிப்பை மேலே அனுப்பவும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வாரமும் மங்கையர்க்கரசி ஓரிடத்தில் இல்லை. காலையில் சோதனைப் பாதையைச் சுற்றி நடந்தாள், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனாள், நிறுத்தி வைத்திருந்த நாற்பது வண்டிகளின் அடியிலும் ஒவ்வொன்றாகக் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தாள். கைப்பையில் இருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள், பேனாவைத் திறந்தாள், மூடினாள். வண்டி எரியவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, பத்து வருடத்தில் ஒரு வண்டிகூட எரியாமல் போகலாம் என்று தனக்குத் தானே சொன்னாள். எரியாது என்றால் அடிக்கதவை ஏன் வரைந்தோம் என்று உடனே தன்னையே கேட்டாள். உலகநாதன் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே நடப்பதைக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டிலும் இல்லை. அவள் உப்பு போட்ட குழம்பில் மறுபடி உப்பு போட்டபோது மட்டும், எந்த எண் உதைக்கிறதோ அதை முதலில் அடித்துவிடு, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். வாத்தியார்கள் விடைத்தாள் திருத்தும்போது சொல்வது அது.

ஜூன் பதின்மூன்று மாலை ஐந்து இருபதுக்கு, வண்டி வரிசையின் கடைசியில் அவளைத் தொண்ணூத்தஞ்சு பார்த்தார். அவருக்கு இப்போது தேட எதுவும் இல்லை, கோட்டோடு அமைதியாக வந்து நின்றார். அவளோடு சேர்ந்து குனிந்து அடிக்கதவைப் பார்த்தார்.

"இது எனக்காக வரைஞ்சதுதானே, மேடம்?" என்றார்.

ஆமாம் என்றாள்.

"இது வழியா நான் வெளியே வந்துடுவேன்னுதானே கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் குற்றம் சாட்டுகிறவர்போல் கேட்கவில்லை. பஸ் இங்கே நிற்குமா என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டது என்று, இரவில் தான் தங்குகிற கொட்டகைக்குள் போனார்.

அந்தத் தொழிற்சாலையில், கணினியில்தான் எல்லாம் வரைந்தாலும், ஒவ்வொரு வரைபடத்துக்கும் மூலப் பிரதி ஒன்றைத் தாளில் அச்சிட்டு, வலது கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டங்களில் மையால் கையெழுத்திட்டு ஆவண அறையில் வைப்பார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வரைபடம் செல்லாது, செல்லாத வரைபடத்தில் செய்த பொருள் வாசலைத் தாண்டக் கூடாது. போட்ட கையெழுத்தை அழிக்கவோ வெள்ளை பூசி மறைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. போட்டவருக்கு மட்டும் ஒரு உரிமை உண்டு. அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி, அளவுகோல் வைத்து ஒரே ஒரு நேர்க்கோடு அதன்மேல் இழுத்து, பக்கத்தில் தேதி போடலாம். விதிப் புத்தகத்தில் இருந்ததே தவிர யாரும் செய்து பார்த்ததில்லை.

பதினான்காம் தேதி காலை பத்து நாற்பதுக்கு, பந்தலில் பேண்டு வாத்தியம் முதல் பாட்டை முடித்து இரண்டாவதைத் தொடங்கியபோது, மங்கையர்க்கரசி ஆவண அறையில் அடிக்கதவின் மூல வரைபடத்தில் அளவுகோலை வைத்துத் தன் பெயரின்மேல் கோடு இழுத்தாள். தேதி போட்டாள். காரணம் என்ற இடத்தில், பதினேழாம் பக்கத்தின் அடிவரி என்று எழுதினாள். ஆவணக் காப்பாளர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, விதிப்படி, வாசலுக்குத் தொலைபேசி செய்தார்.

முதல் வண்டியின் மூக்கு வாசலுக்கு வெளியே வந்திருந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி எல்லாம் ஆகியிருந்தது. நல்லதம்பி தொலைபேசியை வைத்துவிட்டு நடந்து வந்து வண்டிக்கு முன்னால் கையை நீட்டினார். தேவசகாயம் பந்தலிலிருந்து ஓடி வந்தார்.

"பேப்பர் செல்லாதுங்கய்யா," என்றார் நல்லதம்பி. "செல்லாத பேப்பருக்கு எதுவும் வெளியே போகாது."

வண்டி பின்வாங்கியது. அதன் பின்னால் முப்பத்தொன்பது வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. யாரும் சொல்லாததால் பேண்டு மட்டும் வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தது.

புத்தகப் பக்கத்திலிருந்து நடந்து வந்த மனிதரை ஒரு மாதத்தில் ஏற்றுக்கொண்ட முள்ளிக்கரைக்கு, தன் பெயரைத் தானே அடித்த பெண்ணை ஏற்றுக்கொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று. அவளை வடிவமைப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்தார்கள். வண்டி போகாததால் பதவி உயர்வு வராமல் நின்றவர்கள் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள். காய்கறிக் கடையில் அவள் வந்தால் பேச்சு நின்றது. தேவசகாயம் முப்பதாம் தேதி கழுத்தில் மாலையோடு வீட்டுக்குப் போனபோது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ரஹமத்துன்னிசா மட்டும் ரவிக்கை அளவு எடுக்கிற சாக்கில் வாரம் ஒரு முறை வந்து, அக்கா நீங்க மெலிஞ்சுட்டீங்க, எத்தனை தடவை பிடிக்கிறது என்று திட்டிவிட்டுப் போனாள். நூலகத்தில் மங்கையர்க்கரசிக்கு உட்காரும் வேலை. அவள் உட்காரவில்லை. அலமாரி அலமாரியாக நின்றுகொண்டே, அங்கிருந்த ஒவ்வொரு ஜெராக்ஸ் பிரதியையும் எடுத்து மூலத்தோடு வைத்து அடி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய அடிக்கதவின் குறுக்களவு அறுநூற்று எண்பது. வார்த்தார்கள், வெடித்துப் பார்த்தார்கள், மறுபடி வார்த்தார்கள். மறுவருடம் மார்கழியில் ஒரு காலை சோதனைப் பாதையில் முதல் வண்டியை நிறுத்தி, தொண்ணூத்தஞ்சை ஏற்றினார்கள். பஞ்சுச் சட்டை, கோட்டு, மப்ளர், கையுறை. மற்றக் கதவுகளை வெளியே தாழிட்டார்கள். மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டிருந்தார்கள், அவள் கூட்டத்துக்குப் பின்னால், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள். பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு தேவசகாயமும் வந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. தன் பழைய நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார்.

விசில் ஊதியது. வண்டிக்கு அடியில் அந்த வட்டம் திறந்தது. இரண்டு பூட்சுகள் தெரிந்தன, பிறகு கோட்டின் விளிம்பு, பிறகு இடுப்பு, பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தோள்கள், பஞ்சும் கம்பளியும் விளிம்பில் உரசி ஒரு கணம் நின்று, இறங்கின. அவர் மண்ணில் முழங்கையை ஊன்றி ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார்.

தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி, கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல், "ஒன்பது," என்றார்.

தொண்ணூத்தஞ்சு நிற்கவில்லை. மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அப்படியே நடந்தார், பாதையைத் தாண்டி, பட்டறைகளைத் தாண்டி, வாசலுக்கு. மங்கையர்க்கரசி பின்னாலேயே போனாள். சீட்டு, என்றார் நல்லதம்பி. அவள் பழைய சீட்டை வாங்கி, திரும்பி வரவேண்டியது என்பதன்மேல் ஒரு நேர்க்கோடு இழுத்து, வேண்டாதது என்று எழுதித் தேதி போட்டாள். திட்டிவாசலை எப்போதோ சத்தமில்லாமல் ஒரு சாண் அகலப்படுத்தியிருந்தார்கள். அவர் தோள் எதிலும் படாமல் வெளியே போய், வடக்கே போகிற சாலையில் திரும்பினார். நல்லதம்பி ஏட்டில் எழுதினார்: உள்ளே வரவில்லை. வெளியே போனார். எட்டிப் பார்த்து, கோட்டு ஒன்று, என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் அவளை மறுபடி வடிவமைப்புக்கு மாற்றிய உத்தரவு வந்தது. பழைய நாற்காலி, பழைய மேசை. பதினெட்டாம் பக்கம் வரிசையில் ஐந்தாவதாக நிற்கிற மிகச் சிறிய ஆளுடையது, அவருடைய கால் மிதிக்கட்டைக்கு எட்ட வேண்டும். மங்கையர்க்கரசி அந்தப் பக்கத்தை எடுத்தாள், நின்றபடியே, முதலில் கீழே அடிவரி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. திருப்பித் தலைகீழாக வைத்து இன்னொரு முறை பார்த்தாள்.